உறியில் தொங்கும் தேன்சிட்டு விருந்து

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். சிவில் பிரிவில் படிப்பவள் சிமெண்டைப் பற்றித்தான் எழுதுவாள் என்று நினைத்திருப்பீர்கள். நான் எழுதப் போவது தொங்கும் தொட்டியைப் பற்றி. தேன்சிட்டு வந்து தேன் குடிக்க அதில் என்ன செடி வைக்கலாம் என்பதைப் பற்றி. இந்த விஷயத்தில் நான் 150 ரூபாய் தண்டம் கட்டியவள். அதனால் எழுத எனக்கு உரிமை உண்டு!

முதலாண்டில் நூலகத்தில் ஓர் ஆங்கிலத் தோட்டப் புத்தகம் கிடைத்தது. எங்கள் குடும்பத்தில் பாலிடெக்னிக் வாசலை மிதித்தது நான்தான் முதல். ஆங்கிலப் புத்தகம் என்றால் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிவரியாகத் தடவித்தான் படிப்பேன். 'ஹம்மிங் பேர்டு வரும் தொங்கும் கூடைகள்' என்று ஒரு பாடம். படத்தில் மின்னுகிற கழுத்து, ஊசி அலகு, பூவுக்குள் மூக்கு. அட, பாகூர் பக்கம் எங்கள் வீட்டு வாழைப்பூவைச் சுற்றுகிற தேன்சிட்டுதானே இது என்று முடிவு கட்டிவிட்டேன். செடிப் பட்டியலில் முதல் பெயர் ஃபியூஷியா. மலர்க்காட்சி சமயத்தில் ஒரு வியாபாரியிடம் 'ஊட்டிச் செடி' என்று அது இருந்தது. உதவித்தொகையில் 150 ரூபாய் எடுத்து வாங்கி வந்தேன்.

"இன்னாடி இது, ஒரு பூச்செடிக்கா நூத்தம்பது?" என்றார் அம்மா. கழனி வேலைக்குப் போகும் அப்பா எதுவும் சொல்லவில்லை. பங்குனி வெயிலில் செடி தலை தொங்கியது. சித்திரை பிறக்கும்போது வெறும் குச்சி. அப்போதும் அப்பா எதுவும் சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மறுபடி புத்தகத்தை எடுத்தேன். நான் தாண்டிப்போன முன்னுரையிலேயே விஷயம் இருந்தது. ஹம்மிங் பேர்டு அமெரிக்கக் கண்டங்களைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. அங்கே முந்நூறுக்கு மேற்பட்ட வகைகள். கியூபாவில் உள்ள ஒன்று வெறும் 2 கிராம்தான் இருக்குமாம்! நம் தேன்சிட்டு வேறு குடும்பம். ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் ஆஸ்திரேலியாவின் வடகோடியிலும் வாழ்வது. ஒரே வேலை, அதனால் ஒரே மாதிரி அலகு, உறவு கிடையாது. ஃபியூஷியாவோ குளிர்ந்த மலைப்பக்கத்துச் செடி. வில்லியனூர், பாகூர் வெயிலில் அதைத் தொங்கவிட்டது என் தப்பு, செடியின் தப்பல்ல.

இன்னொரு முக்கியமான வித்தியாசம். ஹம்மிங் பேர்டு அந்தரத்தில் நின்றபடி தேன் குடிக்கும். தேன்சிட்டும் ஒரு நொடி இரண்டு நொடி அப்படி நிற்கும், ஆனால் பெரும்பாலும் உட்கார்ந்துதான் குடிக்கும். ஆகவே நம் ஊர்த் தொட்டிக்குப் பூ மட்டும் போதாது. கால் வைக்க இடம் வேண்டும். தொட்டியின் குறுக்கே ஒரு மெல்லிய குச்சியைச் செருகினாலே போதும்.

நம் பக்கம் மூன்று தேன்சிட்டுகளைப் பார்க்கலாம். மஞ்சள் வயிறு உள்ளது ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு. வீட்டோரம் அதிகம் வருவது இதுதான். உடம்பு முழுக்கக் கருநீலமாக மின்னுவது ஊதாத் தேன்சிட்டின் ஆண். அலகு இன்னும் நீண்டு வளைந்திருப்பது லோட்டன் தேன்சிட்டு. இலங்கையில் டச்சு கவர்னராக இருந்த லோட்டன் என்பவரின் பெயர் அது.

இனி செடிக்கு வருவோம். அம்மாவிடம் கேட்டேன். "அது வாழப்பூவுலயும் மாமரத்துப் புல்லுருவியிலயும்தான் பூந்து பூந்து எடுக்கும். செவப்பா, குழலாட்டம் இருந்தா வுடாது" என்றார். புத்தகம் நான்கு பக்கத்தில் சொன்னதும் இதுதான்! சிவப்பு நிறம் தேனீயின் கண்ணுக்குச் சரியாகப் படாது, பறவைக்கு நன்றாகப் படும். வாசனை அவசியமில்லை. குழலின் அடியில் தேன் இருக்க வேண்டும்.

அந்தக் கணக்கில் முதல் மார்க் பட்டாசுச் செடிக்கு. ரஸ்ஸீலியா என்பார்கள். இலையே இல்லாதது போல் பச்சை நாராகக் கிளைத்துத் தொங்கும். நுனியெல்லாம் சிவப்புக் குழல் பூ. சொந்த ஊர் மெக்சிகோ என்றாலும் நம் வெயிலைத் தாங்குகிறது. தெரிந்தவர் வீட்டில் ஒரு கிளை கேட்டு நட்டால் போதும், காசு வேண்டாம். அடுத்தது ரணகள்ளி. இலையைப் போட்டாலே முளைக்கும். பனிக்காலத்தில் மணி மணியாகத் தொங்கும் அதன் பூவுக்குச் சிட்டு கட்டாயம் வரும். டேபிள் ரோஸ் அழகுதான், ஆனால் சிட்டு சீண்டாது. செம்பருத்தி, இட்லிப்பூ இரண்டையும் கீழே தரையில் வையுங்கள். செம்பருத்தியில் தேன்சிட்டு சில சமயம் முறைப்படி நுழையாமல் பூவின் அடியில் ஓட்டை போட்டுத் திருடும். அதைப் பார்ப்பதே ஒரு வேடிக்கை.

தொட்டிக்குக் கடைக்குப் போகவில்லை. வீட்டில் சும்மா கிடந்த உறியில் பழைய அலுமினியச் சட்டியை, அடியில் நாலு ஓட்டை போட்டு, தேங்காய் நார் பரப்பி வைத்தேன். இங்கே சிவில் படிப்பு கைகொடுத்தது. 25 செ.மீ. விட்டமுள்ள அரைக்கோளம் சுமார் 4 லிட்டர் கொள்ளும். வெறும் வயல் மண்ணைக் கொட்டி நனைத்தால் 7 கிலோ வரை வரும். பாதிக்குப் பாதி நார்க்கழிவு கலந்தால் 5 கிலோ அளவில் நிற்கும். காற்றில் ஆடும்போது இழுப்பு இன்னும் கூடும். ஆகவே ஓட்டிலோ ஆஸ்பெஸ்டாஸ் சீட்டிலோ மாட்டாதீர்கள். பனஞ்சட்டத்தைச் சுற்றிக் கயிறு கட்டுங்கள். 2024 நவம்பர் 30 அன்று பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது எங்கள் உறி வீட்டுக்குள் கட்டிலடியில் இருந்தது. புயல் என்று கேட்டதும் முதல் வேலை அதுதான்.

கோடையில் தொங்கும் தொட்டி சீக்கிரம் காயும். காலை மாலை இரண்டு வேளையும் தண்ணீர் வேண்டும். பூச்சி மருந்து மட்டும் கூடவே கூடாது. தேன்சிட்டு தன் குஞ்சுக்கு ஊட்டுவது பூச்சியும் சிலந்தியும்தான். நெல்லுக்கு அடித்த மருந்தில் மீதியைச் செடிக்கும் தெளிக்கட்டுமா என்று அப்பா கேட்டபோது, வேண்டாம்ப்பா என்று காரணம் சொன்னேன். நான் படித்ததை அவர் நின்று கேட்டது அன்றுதான் முதல் தடவை. ஸ்ப்ரேயரைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார். அசுவினிப் பூச்சியைத் தண்ணீர் பீய்ச்சியே கழுவிவிட்டோம்.

இந்த மாசியில் உறிக்கயிற்றிலேயே பெண் சிட்டு கூடு கட்டத் தொடங்கியது. நாரையும் சருகையும் சிலந்தி வலையால் ஒட்டி, பை மாதிரி ஒரு தொங்கல், பக்கவாட்டில் வாசல். உள்ளே இரண்டு முட்டை என்கிறார் அம்மா. எப்படிப் பார்த்தார் என்று கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறார். தம்பி அந்தப் பக்கம் பந்து விளையாடக் கூடாது என்று உத்தரவு. சட்டிக்குத் தண்ணீர் ஊற்றுவதும் இப்போது அவர்தான், சிட்டு வெளியே போன நேரம் பார்த்து, ஒரு சின்ன டம்ளரில்.