எல்லார்க்கும் மருத்துவம்: அம்பாசமுத்திரப் பகுதியை முன்னிட்டு ஒரு சிந்தனை

நோயாளரைச் சந்திப்பது குருமாரின் நீங்காக் கடமை. அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் அக்கடமையைச் செய்வோர், ஒருவருக்கு என்ன நோய் என்று கேட்குமுன் அவருடைய தொழில் யாதென்று கேட்டாலே போதும். அவருக்குக் கிட்டக்கூடிய மருத்துவம் இன்னதென ஒருவாறு கூறிவிடலாம். ஒரே தாமிரபரணியின் நீரைக் குடிக்கும் மக்களிடையே இவ்வேறுபாடு எவ்வாறு வந்தது?

1885இல் ஹார்வி சகோதரர் பாபநாசத்தில் பஞ்சாலை நிறுவினர். விக்கிரமசிங்கபுரம் ஆலைத் தொழிலாளரின் ஊராயிற்று. இத்தகையோரை முன்னிட்டே 1948இல் ஈ.எஸ்.ஐ. சட்டம் இயற்றப்பட்டது. இன்று அத்திட்டத்திற்குத் தொழிலாளி தம் ஊதியத்தில் 100 ரூபாய்க்கு 75 காசும், முதலாளி 3 ரூபாய் 25 காசும் செலுத்துகின்றனர். அதற்கு ஈடாகக் குடும்பத்தார் யாவர்க்கும் காய்ச்சல் மருந்து முதல் அறுவை மருத்துவம் வரை கிடைக்கிறது. நோயுற்ற நாள்களுக்கு ஊதியத்தில் 70 விழுக்காடும், ஆண்டுக்கு 91 நாள் வரை, உண்டு. உழைப்பாளருக்கென நம் நாட்டில் அமைந்தவற்றுள் இதுவே நிறைவானது என்பது என் கருத்து. ஆயினும் ஆலைக் கதவுக்கு வெளியே நிற்போருக்கு இதில் பங்கில்லை.

வெளியே நிற்போருள் முதன்மையானோர் வீட்டுத் திண்ணையில் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றும் பெண்கள். இவர்களுக்கென 1976இல் நலநிதிச் சட்டம் வந்தது. முக்கூடலில் ஒரு மருத்துவமனையும் எழுந்தது. ஆனால் அதன் பயன் அடையாள அட்டை உடையோருக்கே. ஒப்பந்தக்காரரின் ஏட்டில் பெயர் ஏறாமல், வேறொருத்தியின் பெயரில் சுற்றிக்கொடுப்பவள் புகையிலைத் தூசியை மட்டும் சமமாகப் பங்கிட்டுக்கொள்கிறாள். நிதிக்கு வருவாயாயிருந்த தீர்வையும் 2017இல், சரக்கு சேவை வரி வந்த காலத்தில், நீக்கப்பட்டது.

மாஞ்சோலையின் நிலை இன்னும் தெளிவாகப் பேசுகிறது. 1929இல் சிங்கம்பட்டி ஜமீனிடம் 99 ஆண்டுக் குத்தகையாகப் பெற்ற 8,374 ஏக்கர் மலைநிலத்தில் பம்பாய் பர்மா வர்த்தக நிறுவனம் தேயிலைத் தோட்டங்களை அமைத்தது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி ஆகிய இடங்களில் தலைமுறை தலைமுறையாகத் தொழிலாளர் வாழ்ந்தனர். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்தின்படி அவர்களுக்கு வீடும் மருத்துவமும் அளிப்பது தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பாயிருந்தது. குத்தகை 2028இல் முடிவுறும் நிலையில், 2024இல் தோட்டப் பணி நின்றது. வேலையின் பேரால் வந்த மருத்துவ உரிமையும் அன்றே அற்றது. இது எவருடைய நன்மனம் அல்லது தீமனம் பற்றிய செய்தியன்று. மருந்தை வேலையோடு பிணைத்த ஏற்பாட்டின் இயல்பே இது.

தமிழக அரசின் காப்பீட்டுத் திட்டம் இல்லையா எனக் கேட்கலாம். உண்டு. 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடைபெறும் அது எண்ணற்ற ஏழையரின் உயிரைக் காத்தது. அதைக் குறைகூறுவது என் நோக்கமன்று. 2018 முதல் ஒரு குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது. தகுதிக்குரிய ஆண்டு வருமான வரம்பு தொடக்கத்தில் 72,000 ரூபாய். பின்னர் அது 1,20,000 ஆயிற்று. சற்றே கணக்கிடுவோம். கணவனும் மனைவியும் நாளொன்றுக்கு 400 ரூபாய் வீதம் ஆண்டில் 200 நாள் உழைத்தால் வருமானம் 1,60,000 ஆகிறது. கணக்கின்படி அவர்கள் ஏழையர் அல்லர், ஈ.எஸ்.ஐ.யும் இல்லை. செல்வரா என்றால், அதுவும் இல்லை.

மேலும் இத்திட்டம் பட்டியலிட்ட சிகிச்சைகளை மருத்துவமனையில் சேர்த்துச் செய்வதற்கே பெரிதும் உரியது. சர்க்கரை நோய்க்கு நாள்தோறும் விழுங்கும் மாத்திரை, ஐகிரவுண்டு மருத்துவமனைக்குப் போய்வரும் பேருந்துக் கட்டணம், துணைக்குச் செல்பவர் இழக்கும் கூலி ஆகியவை அதில் அடங்கா. நம் சேகரங்களில் எடுக்கும் உதவிக் காணிக்கையும் இவ்வகையில் காப்பீட்டையே ஒத்திருக்கிறது. விபத்துக்கும் இருதய அறுவைக்கும் ஆராதனை முடிவில் அறிவிப்புச் செய்கிறோம். இரத்தக் கொதிப்பு மாத்திரைக்கு எவரும் காணிக்கை எடுத்ததில்லை. மாத்திரை நின்றதனால் பக்கவாதம் வந்தபின்னரே அறிவிப்பு வருகிறது.

பணம் கொடுக்க இயலாமையால் எவர்க்கும் மருத்துவம் மறுக்கப்படலாகாது என்பதை 1946இலேயே போர் குழுவின் அறிக்கை நெறியாக வகுத்தது. 1948இல் இங்கிலாந்து அவ்வழிச் சென்றது. செல்வ நாடுகளுக்கே அது இயலும் என்பாருக்கு விடை கடலுக்கு அப்பாலேயே உள்ளது: இலங்கை 1951இல் அரசு மருத்துவமனைகளில் கட்டணத்தை ஒழித்தது. ஆனால் அங்கும் மலையகத் தமிழர் நெடுங்காலம் தோட்ட மருந்தகங்களுக்கே விடப்பட்டனர். அவர்களுடைய உடல்நலம் பிறரினும் பின்தங்கியது. மாஞ்சோலையை அறிந்தோர்க்கு இது வியப்பன்று.

நம் மாநிலத்திற்கு இவ்வழி முற்றிலும் புதிதன்று. 1994இல் அமைந்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாக வாங்கி அரசு மருத்துவமனைகளுக்கு வழங்குவதால், அங்கே மாத்திரைக்கு விலை கேட்பாரில்லை. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரை, இரத்தக் கொதிப்பு மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுசேர்க்கிறது. வருபவர் தொழிலையும் அட்டையையும் கேட்பதில்லை. வரிப்பணத்தால் நடக்கும் இத்தகைய பொது மருத்துவத்தை விரிவாக்கி, மலையூர்களிலும் மருத்துவரும் செவிலியரும் தங்கும்படி செய்வதே காப்பீட்டு அட்டைகளைப் பெருக்குவதினும் முதற்கண் வேண்டுவது. 1838இல் நெய்யூரில் மருத்துவப் பணியைத் தொடங்கிய திருச்சபை இதைக் கேட்கத் தயங்க வேண்டியதில்லை. அதுவரை, சந்திப்புக்குச் செல்லும் குருவானவர் ஜெபத்திற்கு முன் ஒரு கேள்வி கேட்கலாம்: மாத்திரை இன்னும் எத்தனை நாளைக்கு இருக்கிறது?