குடும்ப உபயோகத்திற்கேற்ற சிறிய வீடியோக் காமிரா

குழந்தையின் மழலை, பாட்டியின் தாலாட்டு, திருமணம், பள்ளி ஆண்டு விழா ஆகியவை மீண்டும் அவ்வாறே நிகழ்வதில்லை. அவற்றின் பதிவு பழுதுபட்டால் அதை வேறோரிடத்திலிருந்து பெறவும் வழியில்லை. ஆகவே, குடும்பத்திற்கென ஒரு சிறிய வீடியோக் காமிராவை வாங்குவோர் மூன்று வினாக்களை முதலில் எழுப்பிக்கொள்ள வேண்டும். வீட்டின் மங்கிய வெளிச்சத்தில் படம் தெளிவாக விழுமா? பேசுவது விளங்குமா? இருபது ஆண்டுகளுக்குப் பின்னும் அப்பதிவைப் பார்க்க முடியுமா? இவை குறித்துப் பிறர் ஆலோசனை கேட்கும்போது விடை கூறுவதற்கு வேண்டிய விவரங்கள் கீழே தரப்படுகின்றன.

தோற்றமும் மாற்றமும்

படம் பிடிக்கும் பகுதியையும் பதிவு செய்யும் பகுதியையும் ஒரே கூட்டில் அடக்கி, வீட்டு உபயோகத்திற்கென விற்கப்பட்ட கருவி 1983-ஆம் ஆண்டில் வெளிவந்தது. எட்டு மில்லிமீட்டர் அகல டேப்பைக் கொண்ட கைக்கு அடக்கமான காமிராக்கள் 1985-லும், எண்முறையில் பதியும் மினி டி.வி. காஸெட்டுகள் 1995-லும் வந்தன. பின்னர் டேப் மறைந்து, மெமரி கார்டு அதன் இடத்தைப் பெற்றது. கைபேசிகள் பரவிய பிறகு இத்தகைய காமிராக்களைத் தயாரிக்கும் நிறுவனங்களும் குறைந்துவிட்டன.

ஓரிரு நிமிடக் காட்சிகளுக்கு நல்ல கைபேசியே போதுமானது. அதற்காகத் தனிக் காமிரா வாங்குவது வீண் செலவாகும். ஒரு மணி நேர விழாவை இடைவிடாமல் பதிவதற்கும், தொலைவிலுள்ள மேடையை அருகில் கொணர்வதற்கும், தனி மைக்கை இணைப்பதற்கும், தீர்ந்த பாட்டரியை மாற்றிக்கொள்வதற்கும் தனிக் காமிரா பெரிதும் பயன்படும்.

ஒளியும் சென்சாரும்

லென்ஸின் வழியாக வரும் ஒளி, சென்சார் எனப்படும் சிறு தகட்டில் விழுந்து மின்குறிகளாக மாறுகிறது. தகட்டின் பரப்பு பெரிதாயின் அது ஏற்கும் ஒளியும் அதிகமாகும். ஓர் அங்குல வகை எனப்படும் சென்சாரின் அளவு 13.2 மில்லிமீட்டருக்கு 8.8 மில்லிமீட்டர். 1/2.3 அங்குல வகையின் அளவு சுமார் 6.2 மில்லிமீட்டருக்கு 4.6 மில்லிமீட்டர். முன்னதன் பரப்பு பின்னதைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்காகும். மாலை வேளையில் ஒரே விளக்கெரியும் கூடத்தில் சிறிய சென்சார் பிடித்த படத்தில் புள்ளிகள் மினுமினுப்பதற்கு இதுவே முக்கிய காரணம். பிக்ஸல்களின் எண்ணிக்கையை மட்டும் பெருக்குவதால் இக்குறை நீங்கிவிடாது.

எனினும், பெரிய சென்சாருக்குப் பெரிய லென்ஸ் வேண்டியிருப்பதால், சிறு கூட்டினுள் அதன் ஸூம் அளவு குறைகிறது. வீட்டினுள் மிகுதியாகப் படம் எடுப்போர் பெரிய சென்சாரையும், திறந்த மைதானத்தில் பகல் வெளிச்சத்தில் எடுப்போர் மிகுந்த ஸூமையும் நாடலாம். இங்கே ஸூம் என்பது லென்ஸினால் கிடைக்கும் ஆப்டிகல் ஸூமையே குறிக்கும். டிஜிட்டல் ஸூம் பிடித்த படத்தின் ஒரு பகுதியை வெட்டிப் பெரிதாக்குவதே. அதனால் புதிய விவரம் எதுவும் கிடைப்பதில்லை. சிறிய அறைகளுக்கு ஸூமைவிட அகன்ற பார்வையே தேவை. இரண்டரை மீட்டர் தொலைவில் ஏறக்குறைய மூன்று மீட்டர் அகலம் படத்தில் அடங்குமானால் போதுமானது எனக் கொள்ளலாம்.

வெளிநாட்டுக் காமிராவும் நமது மின்சாரமும்

இந்தியாவில் மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சிகளாக வருவதால், சாதாரணக் குழல் விளக்கும் மலிவான எல்.இ.டி. விளக்குகள் சிலவும் விநாடிக்கு 100 முறை பிரகாசித்து மங்குகின்றன. அமெரிக்காவில் மின்சாரம் 60 சுழற்சிகளாகும். அங்கு விற்கப்படும் காமிராக்கள் பொதுவாக விநாடிக்கு 30 அல்லது 60 படங்கள் எடுக்கும்படி அமைந்துள்ளன. அவற்றை இங்கே உபயோகித்தால், படத்தில் கரிய பட்டைகள் ஊர்வதைக் காணலாம். விநாடிக்கு 25 அல்லது 50 படங்கள் எடுக்கும் முறைக்கு மாற்றிக்கொள்ள இயலுமா என்பதை வாங்குமுன் அறிய வேண்டும். இயலாவிடில், ஷட்டர் நேரத்தை 1/50 அல்லது 1/100 விநாடியாக அமைத்தால் இக்குறை பெரும்பாலும் தணியும்.

ஒலி

திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் ஒலியின் செறிவு நான்கில் ஒரு பங்காகிறது. காமிரா ஸூமினால் முகத்தை அருகில் கொணரலாம். குரலைக் கொணர இயலாது. பேசுபவரின் சொற்களை மின்விசிறியின் இரைச்சல் விழுங்கிவிடும். ஆதலின், வெளி மைக்கை இணைப்பதற்குரிய துவாரம் உள்ள காமிராவே விரும்பத்தக்கது. அது இல்லாதபோது பேசுபவருக்கு அருகில் சென்று எடுத்தலே வழியாகும்.

பதிவின் அளவு

முழு எச்.டி. படத்தில் 20,73,600 பிக்ஸல்களும், 4கே படத்தில் அதைப்போல் நான்கு மடங்கும் உள்ளன. விநாடிக்கு 24 மெகாபிட் வீதம் பதிந்தால் ஒரு மணி நேரத்திற்குச் சுமார் 11 ஜிகாபைட்டும், 100 மெகாபிட் வீதம் பதிந்தால் 45 ஜிகாபைட்டும் இடம் வேண்டும். சேமித்துவைக்க வசதியில்லாத குடும்பத்திற்கு முழு எச்.டி. பதிவே தகுந்தது. 4கே பதிவோர் வி30 என்னும் குறியுள்ள கார்டை வாங்குதல் நலம். அது விநாடிக்குக் குறைந்தது 30 மெகாபைட் ஏற்கவல்லது.

பாதுகாப்பு

வி.எச்.எஸ். காஸெட்டுகளை ஓட்டும் இயந்திரத்தைத் தொடர்ந்து தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் அதனை நிறுத்திவிட்டது. இன்று பல வீடுகளில் காஸெட் இருக்கிறது. அதை ஓட்டும் கருவி இல்லை. பழைய டேப்புகளை வைத்திருப்போர், ஓட்டும் கருவி கிடைக்கும்போதே அவற்றைக் கணினிக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். புதிதாக எடுப்போர் மெமரி கார்டையே நிரந்தரச் சேமிப்பிடமாகக் கருதலாகாது. ஒவ்வொரு பதிவையும் இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் பிரதியெடுத்து, அவற்றில் ஒன்றை வேறு வீட்டில் வைத்தல் வேண்டும். நாள், இடம், படத்திலுள்ளோர் பெயர் ஆகியவற்றையும் குறித்துவைப்பது அவசியம்.

கடையில் செய்யத்தக்க சோதனை

விலை பேசுமுன், கடையின் மங்கிய மூலையொன்றில் ஒருவரை நிறுத்தி, மூன்று மீட்டர் தொலைவிலிருந்து இரண்டு நிமிடம் பேசச்செய்து பதிவு செய்க. முழு ஸூமில் கையிலேந்தி எடுத்து, படம் எவ்வளவு ஆடுகிறது என்பதையும் காண்க. பதிவைக் காமிராவின் சிறு திரையில் மட்டும் பார்த்து முடிவு செய்யாது, தொலைக்காட்சியிலோ கணினியிலோ ஓட்டிப் பார்க்க வேண்டும். முகம் தெளிவாகத் தெரிந்து சொற்களும் விளங்குமாயின், அக்காமிரா குடும்பத்தின் தேவைக்குப் போதுமானதாகும்.