மீன்தொட்டிக்கு ஏற்ற ஒளி அமைப்பு

வீட்டு மீன்தொட்டியில் விளக்கு அழகுக்கு மட்டும் அன்று. தொட்டியிலுள்ள உயிர்களின் நலத்தை அதுவே பெரிதும் தீர்மானிக்கிறது. இதற்குப் பவளம் சிறந்த சான்றாகும். பவள உயிரியின் திசுக்களில் நுண்ணிய பாசிகள் வாழ்கின்றன. அவை ஒளியைக் கொண்டு தயாரிக்கும் உணவின் பெரும்பகுதி பவளத்திற்குக் கிடைக்கிறது. ஒளி குறைந்தால் பவளம் நலியும். வெப்பமும் ஒளியும் மிகுந்தால் பாசியை இழந்து வெளிறும். மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆம் ஆண்டுகளின் கோடையில் கடல்நீர் சூடேறியபோது பவளங்கள் இவ்வாறு வெளிறின.

ஆனால் நம் நாட்டில் பவளத்தை வீட்டில் வளர்க்க இயலாது. பாறை அமைக்கும் பவளங்கள் 1972 ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. அவற்றைக் கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் குற்றமாகும். கடலிலிருந்து விலகியுள்ள திருவண்ணாமலைப் பகுதியினருக்கு நன்னீர்ச் செடிகளும் வண்ண மீன்களும் கொண்ட தொட்டியே ஏற்றது. ஒளி பற்றிய அடிப்படை இதற்கும் பொருந்தும்.

ஒளியின் அளவு

இரண்டு அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அடி உயரமுள்ள தொட்டி சுமார் 50 லிட்டர் நீர் கொள்ளும். வாலிஸ்நேரியா, ஹைட்ரில்லா போன்ற எளிய செடிகளுக்கு லிட்டருக்கு சுமார் 20 லூமென் ஒளி போதும். அதாவது 1,000 லூமென். இதற்கு 10 வாட் எல்.இ.டி. விளக்கு ஒன்று போதுமானது. 6500 கெல்வின் என்று குறித்த வெள்ளை ஒளி ஏற்றது. பவளத்திற்கென விற்கப்படும் நீல விளக்கு நன்னீர்ச் செடிக்குத் தேவையில்லை.

ஒளி தரும் நேரம்

புதிய தொட்டிக்கு முதல் இரண்டு வாரம் நாளொன்றுக்கு 6 மணி நேரம் ஒளி தரவும். செடிகள் வேர் பிடித்தபின் வாரம் அரை மணி வீதம் கூட்டி, 8 மணி நேரத்தில் நிறுத்தவும். டைமர் பொருத்தினால் நாள்தோறும் நேரம் மாறாது. சன்னல் வெயில் நேரே விழும் இடத்தில் தொட்டியை வைக்கக் கூடாது. கோடையில் நீர் சூடேறி, கரைந்துள்ள உயிர்வளி குறையும், பாசியும் பெருகும்.

அறிகுறிகளும் சீர்செய்தலும்

* செடியின் தண்டு நீண்டு இலைகள் வெளிறினால் ஒளி போதவில்லை. நேரத்தைக் கூட்டுவதைவிட விளக்கின் திறனைச் சற்று உயர்த்துவது நல்லது.

* கண்ணாடியில் பச்சைப் பாசி படிந்தாலோ நீர் பச்சையானாலோ ஒளி நேரத்தை 6 மணியாகக் குறைக்கவும். மீதித் தீனியை அகற்றி, வாரம் கால் பங்கு நீரை மாற்றவும்.

* கடின நீரானால் மூடிக் கண்ணாடியில் வெள்ளை உப்புப் படிந்து ஒளியைத் தடுக்கும். அதை வாரந்தோறும் துடைக்கவும்.

ஒருமுறை ஒரு மாற்றம் மட்டும் செய்து, இரண்டு வாரம் பார்த்தபின் அடுத்ததைச் செய்ய வேண்டும்.

இரவில் கவனம்

விளக்கு அணைந்தபின் செடியும் பாசியும் நீரிலுள்ள உயிர்வளியையே பயன்படுத்துகின்றன. பாசி மிகுந்த தொட்டியில் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் திறப்பது இதனால்தான். அத்தகைய தொட்டியில் காற்றூட்டியை இரவு முழுவதும் இயக்கி மீன்கள் மடிவதைத் தவிர்க்கலாம்.

ஒளியை அளவோடும் நேரம் தவறாமலும் தந்தால், மிகுந்த செலவின்றிச் செடிகள் செழித்து, மீன்களும் நலமுடன் வளரும்.