எடுத்தது உண்மைதான், ஆனால் திருடவில்லை!

பெங்களூரின் ஒயிட்ஃபீல்டிலோ எலக்ட்ரானிக் சிட்டியிலோ ஒரு மென்பொருள் பொறியாளர் வேலையை விடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கிளம்புகிற அன்று, தான் எழுதிய புரோகிராமை ஒரு பென் டிரைவில் நகல் எடுத்துக்கொள்கிறார். கம்பெனியின் கம்ப்யூட்டரில் ஒரு வரிகூடக் குறையவில்லை. எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஆனாலும் கம்பெனி போலீசுக்குப் போகிறது: "எங்கள் சொத்தைத் திருடிவிட்டார்." எஃப்.ஐ.ஆர். போடப்படுகிறது. பெங்களூர் நிருபதுங்கா சாலையில் உள்ள மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் அவருக்காக ஒரு வக்கீல் எழுந்து நிற்கிறார்.

அவர் என்ன சொல்வார்? திருட்டு வழக்கில் வழக்கமான வாதம் 'நான் அவனில்லை' என்பதுதான். சாட்சி பொய் சொல்கிறார், மகஜர் சரியில்லை, பொருளைப் போலீசே கொண்டுவந்து வைத்தது என்று அது போகும். இன்னொரு வகை வாதம் உண்டு. அதைக் கையில் எடுக்கும் வக்கீல்கள் குறைவு, துணிச்சலும் வேண்டும். 'எடுத்தது நான்தான், மறுக்கவில்லை. ஆனால் நான் செய்ததற்குப் பெயர் திருட்டு இல்லை.' இந்தியச் சட்டத்தில் திருட்டு என்றால் என்ன என்று நமக்குத் தெளிவாகியிருப்பதில் பெரும்பங்கு இப்படி வாதாடியவர்களால் வந்தது. அவர்களில் பலர் தோற்றவர்கள் என்பது வேறு விஷயம்.

சட்டத்தை எழுதியவர் மெக்காலே. 1834-ல் சென்னையில் கப்பல் இறங்கி, பெங்களூர் வழியாக ஊட்டிக்குப் போனவர். அவர் தலைமையிலான சட்டக் குழு 1837-ல் தயாரித்த வரைவு, 1860-ல் இந்திய தண்டனைச் சட்டம் ஆனது. அதில் 378-வது பிரிவு திருட்டை வரையறுத்தது. ஐந்து விஷயங்கள் ஒன்றுசேர வேண்டும்: பொருள் அசையும் சொத்தாக இருக்க வேண்டும், அது இன்னொருவர் வசம் இருக்க வேண்டும், அவர் சம்மதம் இருக்கக் கூடாது, எடுக்கிறவர் மனதில் நேர்மையற்ற எண்ணம் இருக்க வேண்டும், பொருள் நகர்த்தப்பட வேண்டும். ஒன்று குறைந்தாலும் வழக்கு நிற்காது.

அந்தப் பிரிவின் கீழே உள்ள உதாரணங்கள் கதைபோலவே இருக்கும். ஒருவர் சட்டைப் பையில் தீனி வைத்துக்கொண்டு அடுத்தவர் நாயை வரவழைக்கிறார். நாய் பின்னால் நடக்கத் தொடங்கிய அந்த நொடியிலேயே திருட்டு முடிந்துவிட்டது. ரிப்பேருக்குக் கொடுத்த கைக்கடிகாரத்தைக் கூலி தராமல் நைசாக எடுத்து வந்தாலும் திருட்டுதான். கடிகாரம் நம்முடையது, கூலி பாக்கிக்காக அதைப் பிடித்து வைத்திருக்கும் உரிமை கடைக்காரருடையது. சொந்தப் பொருளையே திருட முடியும் என்று சொல்கிற சட்டத்தின் முன்னால்தான் வக்கீல் நிற்க வேண்டும்.

இந்த வகை வழக்குகளில் மிக விசித்திரமானது ஒரு விமானத் திருட்டு.

1952 மே 14. ஜோத்பூர் விமானப்படை அகாடமியில் கே.என். மெஹ்ரா நேவிகேட்டர் பயிற்சி பெறும் மாணவர். அன்று காலை ஒரு டகோட்டா விமானத்தில் அவருக்குப் பயிற்சிப் பயணம் இருந்தது. அந்த நேரம் வருவதற்கு முன்பே, எந்த அனுமதியும் வாங்காமல், அவர் ஹார்வர்டு ரக விமானம் ஒன்றில் கிளம்பிவிட்டார். கூட இருந்தவர், ஒழுங்கீனத்துக்காக முந்தின நாள்தான் அகாடமியிலிருந்து வெளியேற்றப்பட்ட ஒரு பைலட் மாணவர். திரும்பி வரச்சொல்லி ரேடியோவில் அழைத்தும் பதில் இல்லை. எல்லையிலிருந்து சுமார் 100 மைல் தாண்டி, பாகிஸ்தானுக்குள் போய் விமானம் இறங்கியது. இரண்டு நாள் கழித்து இருவரும் கராச்சியில் இந்தியத் தூதரகத்தின் உதவியை நாடினார்கள். டெல்லிக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். வழியில் விமானம் ஜோத்பூரில் நின்றபோது கைது.

தேசத்துரோகம், உளவு என்றெல்லாம் பெரிய பெயர்கள் காத்திருந்தன என்று நினைக்கத் தோன்றும். ஆனால் மெஹ்ரா தண்டனை பெற்றது 379-வது பிரிவில்: சைக்கிள் திருடனுக்கும் பிக்பாக்கெட்டுக்கும் உள்ள அதே சாதாரணத் திருட்டுப் பிரிவு. மெஹ்ரா தரப்பின் வாதமும் சாமர்த்தியமானது. பயிற்சி மாணவர் விமானத்தில் பறப்பதற்கு மறைமுகச் சம்மதம் இருக்கிறது. மூட்டத்தில் வழி தப்பிவிட்டது. எரிபொருள் தீர்ந்ததால் இறங்க வேண்டியதாயிற்று. விமானத்தைத் தனதாக்கிக்கொள்ளும் எண்ணமே இல்லை. கடைசி வாதத்தில்தான் உயிர் இருந்தது. அன்றைய இங்கிலாந்துச் சட்டப்படி, பொருளை உரியவரிடமிருந்து நிரந்தரமாகப் பறிக்கும் எண்ணம் இருந்தால்தான் அது திருட்டு.

1957 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டில் தீர்ப்புச் சொன்னது. இந்தியச் சட்டத்தில் 'நிரந்தரமாக' என்ற நிபந்தனை இல்லை. உரியவருக்குத் தற்காலிக இழப்போ, எடுத்தவருக்குத் தற்காலிக லாபமோ நோக்கமாக இருந்தால் போதும். அனுமதியில்லாமல் விமானத்தைப் பயன்படுத்தியதே முறையற்ற லாபம். ஆக, விமானத்தை எடுத்தது திருட்டுதான்.

இதே கதவை இன்னொருவரும் தட்டிப் பார்த்தார். ராஜஸ்தானின் ஆல்வார் நகரில் ஒரு அரசு அலுவலகச் சூப்பிரண்டென்ட் பியாரே லால் பார்கவா. 1948 டிசம்பரில் ஒரு கோப்பை வீட்டுக்கு எடுத்துப்போய் நண்பரிடம் கொடுத்தார். நண்பர் அதிலிருந்த காகிதங்களை மாற்றி வைத்தார். மறுநாள் கோப்பு அலுவலகத்துக்குத் திரும்பிவிட்டது. ஒரே நாள்தானே, திருப்பிக் கொடுத்தாயிற்றே என்ற வாதம் உச்ச நீதிமன்றம்வரை போயும் எடுபடவில்லை. நம் ஊர் அலுவலகங்களில் 'நாளைக்குக் கொண்டுவந்து வைத்துவிடுகிறேன்' என்று கோப்பைக் கொண்டுபோகிறவர்கள் இந்தத் தீர்ப்பைப் படித்தால் கை நடுங்கும்.

ஜெயித்தவர்களும் உண்டு. அவதார் சிங் வழக்கில் மின்சாரம் திருடியதாகத் தண்டனை. வக்கீல் மின்சாரம் என்றால் என்ன என்ற கேள்விக்கே போய்விட்டார். மின்சாரம் கையால் தூக்கி நகர்த்தக்கூடிய பொருள் இல்லை. 378-வது பிரிவு அதற்குப் பொருந்தாது. மின்சாரச் சட்டம் தனியாகச் சொல்வதால்தான் அது திருட்டு ஆகிறது. அப்படியானால் அந்தச் சட்டம் குறிப்பிடும் ஆட்கள்தான் வழக்குத் தொடுக்க முடியும். இந்த வழக்கில் அவர்கள் தொடுக்கவில்லை. உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டு தண்டனையை ரத்து செய்தது. இன்னொரு வழக்கில் குளத்து மீனைப் பிடித்தவர்கள் தப்பினார்கள்: குளத்தில் தங்களுக்கு உரிமை இருக்கிறது என்று நேர்மையாக நம்பிப் பிடித்தால், அந்த நம்பிக்கை தவறாகவே இருந்தாலும், அது சொத்துத் தகராறு, திருட்டு இல்லை.

பெங்களூர்ப் பொறியாளருக்கு நெருக்கமான வழக்கு 2019-ல் வந்தது. பிர்லா குடும்பச் சொத்துச் சண்டையில், ஒரு தரப்பு தங்கள் ஆவணங்களைத் திருடி நகலெடுத்துக் கம்பெனி லா போர்டில் தாக்கல் செய்துவிட்டது என்று பிர்லா கார்ப்பரேஷன் கிரிமினல் புகார் கொடுத்தது. தமிழகத்தைச் சேர்ந்த நீதிபதி ஆர். பானுமதி எழுதிய தீர்ப்பு இரண்டு பக்கமும் வெட்டுகிறது. ஆவணத்தைக் கொஞ்ச நேரம் எடுத்து நகலெடுத்து வைத்தாலும் அது 'நகர்த்தல்'தான். காகிதத்தில் உள்ள தகவலும் திருட்டுக்கு ஆளாகலாம். ஆனால் தன் உரிமையை நிலைநாட்ட நீதிமன்றத்தில் காட்டுவதற்காக ஆவணத்தைப் பயன்படுத்தியதில் நேர்மையற்ற எண்ணம் இல்லை. வழக்கு தள்ளுபடி.

அந்தத் தீர்ப்புக்கு இரண்டு மாதம் முன்பு ஒரு வேடிக்கை நடந்தது. ரஃபேல் போர் விமான ஒப்பந்த ஆவணங்கள் பாதுகாப்பு அமைச்சகத்திலிருந்து திருடப்பட்டுவிட்டன என்று அட்டர்னி ஜெனரல் கே.கே. வேணுகோபால் உச்ச நீதிமன்றத்தில் சொன்னார். அவற்றை வெளியிட்டது 'தி இந்து'. இரண்டே நாளில், தான் சொன்னது அசலின் நகல்களைப் பற்றித்தான் என்று விளக்கம் கொடுத்தார். அசல் அமைச்சகத்திலேயே இருந்தால் போனது என்ன? பென் டிரைவ் வழக்கில் எழும் கேள்வியும் இதுதான்.

பெங்களூர் இந்தக் கேள்வியை ரொம்பக் காலமாகப் பார்த்துவருகிறது. நாட்டின் முதல் சைபர் குற்றக் காவல் நிலையம் 2001-ல் அங்கேதான் தொடங்கியது. 2006-ல் எச்.எஸ்.பி.சி. வங்கியின் பெங்களூர் மையத்தில் ஓர் ஊழியர் கைதானார். வெளியே போன தகவலை வைத்து பிரிட்டிஷ் வாடிக்கையாளர்களின் கணக்குகளிலிருந்து சுமார் 2,33,000 பவுண்டு எடுக்கப்பட்டிருந்தது. அதில் பணமே போனது, குழப்பம் இல்லை. வெறும் நகலோடு நிற்கும் வழக்குகளில்தான் சிக்கல். கம்ப்யூட்டர் தகவலை நேர்மையற்ற முறையில் நகலெடுப்பதைக் குற்றமாக்கும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-வது பிரிவில் ஜாமீன் உரிமை. பழைய 379-ல் ஜாமீன் நீதிபதியின் விருப்பமாக இருந்தது. அதனால் புகாரில் 379-ஐயும் சேர்க்கத் தோன்றியது. எதிர்த்தரப்பு வக்கீல் சிறப்புச் சட்டம் இருக்கும்போது பொதுச் சட்டம் எதற்கு என்று கேட்பார். 2018-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் இப்படிப்பட்ட ஒரு வழக்கில் தண்டனைச் சட்டப் பிரிவுகளை ரத்து செய்திருக்கிறது. பல சமயம் இது முதலாளிக்கும் ஊழியருக்கும் இடையிலான ஒப்பந்தத் தகராறுதான்; அதற்குத் திருட்டுச் சாயம் பூசுவது மிரட்டலாகத்தான் முடிகிறது.

2024 ஜூலை 1 முதல் பழைய சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. திருட்டு இப்போது 303-வது பிரிவு. 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருளை முதல்முறை திருடியவர், பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்தால் சிறைக்குப் பதில் சமூக சேவை. அதிகம் பேசப்படாத மாற்றம் இன்னொன்று. அசையும் சொத்து என்பதற்குப் பழைய சட்டம் 'உருவமுள்ள' என்று அடைமொழி போட்டிருந்தது. புதிய சட்டம் அந்தச் சொல்லை எடுத்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாத கம்ப்யூட்டர் ஃபைல் பொருளே இல்லை என்று வாதாடிவந்த வக்கீல்களின் கையிலிருந்து ஒரு ஆயுதம் போயிற்று. மிஞ்சியிருப்பது சம்மதமும் எண்ணமும்.

ஆகவே, வேலை மாறப்போகிறவர்கள் ஒன்று செய்யலாம். சொந்தக் கோப்புகளோ, எழுதிய புரோகிராமோ, எதை நகலெடுப்பதானாலும் முதலில் மேலாளருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். பதில் வரும்வரை பென் டிரைவைச் செருக வேண்டாம்.