பாரிஸுக்கு 22 கிலோமீட்டர்! கடலூர், சிதம்பரம்காரர்களுக்கு ஓர் இலவச மாலைக் காட்சி

கடலூரிலிருந்து பாரிஸுக்கு எவ்வளவு தூரம்? விமானத்தில் போனால் சுமார் எட்டாயிரம் கிலோமீட்டர். கடலூர் பஸ் ஸ்டாண்டில் பாண்டிச்சேரி பஸ் ஏறினால் 22 கிலோமீட்டர்தான். சிதம்பரத்திலிருந்து கிளம்புகிறவர்கள் இன்னும் ஒரு 45 கிலோமீட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள். விசா வேண்டாம், டிக்கெட்டும் வேண்டாம். சாயங்காலம் ஆறு மணி வாக்கில் இருட்டான ஓர் அறையில் போய் உட்கார்ந்தால், எதிரே திரையில் பாரிஸ் தெரியும்.

பாண்டிச்சேரி சஃப்ரென் வீதியில் இருக்கும் அலியான்ஸ் பிரான்சேஸைத்தான் சொல்கிறோம். 1889-ல் தொடங்கிய அமைப்பு. பிரெஞ்சு மொழி கற்றுத்தருவது முக்கிய வேலை என்றாலும், ஓவிய, புகைப்படக் கண்காட்சிகளும் இலவசத் திரையிடல்களும் அங்கே நெடுநாள் வழக்கம். பக்கத்தில் துய்மா வீதியில் இருக்கும் அதன் மேசோன் கொலொம்பானி கட்டடத்திலும் கண்காட்சிகள் நடக்கும். உள்ளே நுழைய பிரெஞ்சு தெரிந்திருக்க வேண்டும், மாணவராக இருக்க வேண்டும் என்றெல்லாம் பலர் நினைத்துக்கொண்டு வாசலோடு திரும்பிவிடுகிறார்கள். பொதுத் திரையிடல் என்று அறிவித்துவிட்டால் யார் வேண்டுமானாலும் போகலாம். அப்படியே ஆரோவில் பக்கம் போனால், அங்கே டவுன் ஹாலில் 'சினிமா பாரடைசோ' என்ற பெயரில் உலகப் படங்களைக் கட்டணமில்லாமல் போடுகிறார்கள்.

கேலரியில் எதுக்கு சினிமா?

உலகம் முழுக்க ஆர்ட் கேலரிகள் இதைச் செய்கின்றன. ஒரு நகரத்தைப் பற்றி ஓவியங்களோ, புகைப்படங்களோ வைத்திருக்கும் நாட்களில், அதே நகரத்தில் எடுத்த படங்களை மாலையில் ஓட்டுவார்கள். 'காதல் நகரம்' என்று பேர் வாங்கிய பாரிஸ்தான் இதற்கு ரொம்பப் பொருத்தம். காரணம், சினிமா டிக்கெட் வாங்கிப் பார்க்கும் பழக்கமே அந்த ஊரில்தான் ஊன்றியது. 1895 டிசம்பர் 28 அன்று லூமியர் சகோதரர்கள் பாரிஸில் கிராண்ட் கஃபேயின் கீழ்த்தளத்தில் பத்துக் குறும்படங்களைக் காட்டினார்கள். கட்டணம் ஒரு பிராங்க். அடுத்த ஜூலையிலேயே அந்தப் படங்கள் பம்பாய் வாட்சன் ஹோட்டலுக்கு வந்துவிட்டன.

படம் பார்ப்பதை ஒரு படிப்பாக மாற்றியதும் பாரிஸ்தான். ஆன்ரி லாங்லுவா நண்பர்களோடு சேர்ந்து 1936-ல் தொடங்கிய சினிமாத்தேக் பிரான்சேஸில் பழைய படங்களைத் தினமும் பார்த்துக் கிடந்த பையன்களில் இரண்டு பேர் த்ரூஃபோவும் கோதாரும். பின்னாளில் பிரெஞ்சுப் புதிய அலையை உருவாக்கியவர்கள். நம்ம நாட்டிலும் இதே கதைதான். 1947-ல் கல்கத்தா ஃபிலிம் சொசைட்டியைத் தொடங்கியவர்களில் ஒருவர் சத்யஜித் ரே. 'பதேர் பாஞ்சாலி' வந்தது அதற்கு எட்டு வருஷம் கழித்து. ஆக, சின்ன அறையில் சும்மா போட்ட படம்தானே என்று இதைத் தள்ளிவிட முடியாது.

இலவசம்னா, யார் காசு?

நியாயமான கேள்வி. ஒரு படத்தைப் பொது இடத்தில் காட்ட, உரிமை வைத்திருப்பவரிடம் அனுமதி வாங்க வேண்டும். அதற்குப் பெரும்பாலும் பணம் கட்ட வேண்டும். அப்புறம் புரொஜெக்டர், அறை, மின்சாரம், சப்டைட்டில். அலியான்ஸ் பிரான்சேஸ் போன்ற இடங்களில் பிரெஞ்சுக் கலாசாரத்தைப் பரப்ப ஒதுக்கும் பணத்திலும் வகுப்புக் கட்டணத்திலும் இது ஓடுகிறது. தனியார் கேலரி என்றால் புரவலர்கள் தருவார்கள். கேலரிக்கு என்ன லாபம்? ஓவியம் என்றாலே 'அது நமக்கில்லை' என்று ஒதுங்குகிறவர்கள் படம் பார்க்க உள்ளே வருகிறார்கள். வந்தவர்கள் சுவரையும் ஒரு பார்வை பார்ப்பார்கள்.

நம்ம பக்கத்துக்கு இது புதுசும் கிடையாது. கடலூர் மாவட்டக் கிராமங்களில் தெருக்கூத்து பார்க்க யாராவது டிக்கெட் வாங்கியிருக்கிறார்களா? ஊரே சேர்ந்து வரி போட்டுக் கூத்து வைக்கும். விடிய விடிய யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து பார்க்கலாம். திருவிழாவில் தெருவை மறித்து வெள்ளைத் திரை கட்டிப் படம் போட்டதும் அப்படித்தான். சிதம்பரத்தில் 1981 முதல் சிவராத்திரியை ஒட்டி நடக்கும் நாட்டியாஞ்சலியில், சாயங்காலம் போய் உட்கார்ந்து நாட்டியம் பார்த்துவிட்டு வருவது அந்த ஊர்க்காரர்களுக்குப் பழகின விஷயம். செலவை இன்னொருவர் ஏற்க, பார்ப்பவர் தன் நேரத்தைக் கொடுப்பதுதான் இந்த ஏற்பாடு.

எந்தப் பாரிஸைப் பார்ப்பது?

ஈஃபிள் டவர், ரோஜாப்பூ, ஒயின் கிளாஸ். இவ்வளவுதான் பாரிஸ் என்று நினைத்துப் போகாதீர்கள். முதல்முறை பார்க்கிறவர்களுக்கு ஐந்து படங்கள் சொல்கிறோம்.

'தி ரெட் பலூன்' (1956): ஒரு சிறுவனையும் அவன் பின்னாலேயே வரும் சிவப்பு பலூனையும் பற்றிய படம். அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. வசனம் ரொம்பக் குறைவு என்பதால் குழந்தைகளையும் கூட்டிப் போகலாம். ஆல்பெர் லாமொரீஸ் இதை எடுத்த மெனில்மோந்தான் பகுதியின் பழைய வீடுகள் பல பின்னாளில் இடிக்கப்பட்டுவிட்டன. அந்தத் தெருக்கள் இப்போது இந்தப் படத்தில் மட்டும்தான் இருக்கின்றன.

'தி 400 ப்ளோஸ்' (1959): வீட்டிலும் பள்ளியிலும் யாருக்கும் வேண்டாத ஒரு பையன் பாரிஸ் தெருக்களில் அலைகிறான். த்ரூஃபோவுக்குக் கான் விழாவில் சிறந்த இயக்குநர் விருது வாங்கித் தந்த படம். கடைசியில் அவன் கடலைப் பார்க்கும் காட்சி, கடலோர ஊர்க்காரர்களான நமக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே உறைக்கும்.

'கிளியோ ஃப்ரம் 5 டு 7' (1962): மருத்துவப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கும் ஒரு பாடகி, அந்த மாலையை நகரத்தில் நடந்தே கழிக்கிறாள். இயக்கியவர் அக்னெஸ் வார்தா.

'அமெலி' (2001): மோன்மார்த்ர் பகுதியின் வண்ணமயமான பாரிஸ். அமெலி வேலை பார்க்கும் காபிக்கடை நிஜத்தில் இருப்பது.

'லா ஹெய்ன்' (1995): புறநகர்க் குடியிருப்பில் வாழும் மூன்று இளைஞர்களின் ஒரு நாள். காதல் நகரம் எல்லோரையும் காதலிப்பதில்லை என்பது இதைப் பார்த்தால் புரியும். இது பெரியவர்களுக்கான படம்.

கிளம்புறதுக்கு முன்னாடி...

* நிகழ்ச்சி நிரல் மாறிக்கொண்டே இருக்கும். அன்றைக்கு என்ன படம், எத்தனை மணிக்கு, எந்தக் கட்டடத்தில் என்று போன் செய்து கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.
* சப்டைட்டில் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வரும். வேகமாகப் படிக்க வராது என்றால் தயங்க வேண்டாம். கதைச் சுருக்கத்தைத் தமிழில் முன்கூட்டியே படித்துவிட்டுப் போனால் பாதிக் கஷ்டம் குறையும்.
* இடங்கள் குறைவு, முன்பதிவு இருக்காது. அரை மணி நேரம் முன்னாடியே போய்விடுங்கள். சுவரில் இருப்பதைப் பார்க்கவும் அந்த நேரம் உதவும்.
* படம் முடிய எட்டு, எட்டரை ஆகலாம். கடலூருக்குத் திரும்ப பஸ் கிடைத்துவிடும். சிதம்பரம்காரர்கள் இரவு பஸ்ஸை முதலிலேயே விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது. பெண்கள், மாணவிகள் நாலைந்து பேராகச் சேர்ந்து போனால் வீட்டிலும் நிம்மதியாக இருப்பார்கள்.
* படம் முடிந்து பேச்சு நடந்தால் கொஞ்சம் நில்லுங்கள். 'எனக்குப் புரியலை' என்று சொல்வதும் அங்கே ஒரு கருத்துதான்.

சரி, நம்ம ஊரை யார் காட்டுவாங்க?

பாரிஸைப் பார்த்துவிட்டு பஸ்ஸில் திரும்பும்போது இந்தக் கேள்வி வராமல் இருக்காது. அந்த ஊரைக் காதல் நகரமாக்கியதில், அதைத் திரும்பத் திரும்பத் திரையில் காட்டியவர்களுக்கும் பங்கு உண்டு. கடலூரைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னதெல்லாம் பெரும்பாலும் பேரிடர்ச் செய்திகள்தான். 2004 சுனாமி, 2011 டிசம்பரில் தானே புயல், 2015 வெள்ளம். ஊரின் வேறு முகங்கள் திரைக்கு வரவே இல்லையா?

வந்திருக்கின்றன, நமக்குத்தான் போட்டுக் காட்ட ஆள் இல்லை. மஞ்சக்குப்பத்தில் பிறந்த ஜெயகாந்தன் தானே இயக்கிய 'உன்னைப் போல் ஒருவன்', தேசிய விருதுகளில் மூன்றாவது சிறந்த படத்துக்கான சான்றிதழ் பெற்றது. அந்த ஆண்டு முதலிடம் ரேயின் 'சாருலதா'வுக்கு. அப்பேர்ப்பட்ட படம் தியேட்டர்களில் பரவலாக ஓடவில்லை. அதை எழுதி எடுத்தவரின் சொந்த ஊரிலேயே இன்று எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? திருப்பாதிரிப்புலியூரில் பிறந்த புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்துதான் மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' (1979) முளைத்தது. அரவிந்தன் இயக்கிய மலையாளப் படம் 'சிதம்பரம்' (1985) சிறந்த திரைப்படத்துக்கான தேசிய விருது வாங்கியது. குற்ற உணர்வோடு அலையும் மனிதன் கடைசியில் வந்து சேர்வது சிதம்பரம் கோயிலுக்குத்தான்.

கடலூரிலோ, சிதம்பரத்திலோ பாண்டிச்சேரி மாதிரி ஒரு கேலரி இல்லை என்பது காரணமாகாது. கல்லூரி அரங்கம், நூலகத்தின் மாடி, கல்யாண மண்டபத்தின் சின்ன ஹால் எதுவும் போதும். தமுஎகச போன்ற அமைப்புகள் ஊர் ஊராக உலகப் பட விழா நடத்தியது இப்படிப்பட்ட இடங்களில்தான்.

நீங்களே நடத்தணும்னா...

மூன்று விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று, 'காசு வாங்கலையே' என்பதற்காக உரிமை பெறாமல் படம் போட முடியாது. டிவிடி வாங்கியதோ, ஓடிடி சந்தா கட்டியதோ வீட்டில் பார்க்க மட்டும்தான். தயாரிப்பாளரிடமோ, உரிமை வைத்திருப்பவரிடமோ எழுத்தில் அனுமதி கேளுங்கள். லாப நோக்கமில்லாத ஒரே ஒரு காட்சி என்று தெளிவாகச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். நம் சட்டப்படி ஒரு படத்தின் பதிப்புரிமை, அது வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் வரை இருக்கும்.

இரண்டு, கல்வி நிறுவனங்களுக்குச் சலுகை உண்டு. தங்கள் செயல்பாடுகளின் பகுதியாக, மாணவர்கள், ஆசிரியர்கள், பெற்றோர், நிறுவனத்தோடு தொடர்புடையவர்களுக்கு மட்டும் படம் காட்டினால் அது பதிப்புரிமை மீறலாகாது. அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். வெளியாட்களை அழைத்தால் இந்தச் சலுகை போய்விடும்.

மூன்று, பொதுமக்களுக்குக் காட்டும் படத்துக்குத் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும். மேலே சொன்ன தமிழ்ப் படங்கள் தியேட்டருக்கு வந்தவைதான் என்பதால் அங்கே சிக்கல் குறைவு. சான்றிதழ் வாங்காத வெளிநாட்டுப் படம் என்றால், திரைப்பட விழாக்களுக்குத் தரும் விலக்கைக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும்.

தேதியைக்கூட யோசிக்க வேண்டியதில்லை. ஜெயகாந்தன் பிறந்த நாள் ஏப்ரல் 24. புதுமைப்பித்தன் பிறந்த நாள் ஏப்ரல் 25. அடுத்தடுத்த இரண்டு மாலைகள். முதல் நாள் ஜெயகாந்தன் கதையில் லட்சுமி தேசிய விருது வாங்கிய 'சில நேரங்களில் சில மனிதர்கள்', மறுநாள் 'உதிரிப்பூக்கள்'. வாசலில் பழைய கடலூரின் பத்துப் புகைப்படங்களை மாட்டினால் கேலரியும் தயார். கோடை விடுமுறை வேறு. பிள்ளைகளைக் கூட்டி வரச் சொல்லிவிடுங்கள். உள்ளே அனுமதி இலவசம் என்று போர்டில் பெரிசா எழுத மறக்காதீங்க!