காபிச் சக்கையில் முளைத்த தொழில்

பத்து வாளி நிறையக் காபிச் சக்கை. எல்லாவற்றிலும் காளான் வித்தைக் கலந்து மூடிவைத்தார்கள். ஒன்பது வாளிகள் வீணாயின. ஒரே ஒரு வாளியில் மட்டும் சிப்பிக் காளான் கொத்தாக எழுந்து நின்றது. 2009ஆம் ஆண்டு, கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தை ஒட்டிய மாணவர் இல்லம் ஒன்றின் சமையலறையில் நடந்தது இது. இன்று அமெரிக்காவின் பெரிய கடைகளில் விதையும் மண்ணும் காளான் பெட்டியும் விற்கும் ‘பேக் டு த ரூட்ஸ்’ நிறுவனத்துக்கு முதல் போட்டது அந்த ஒற்றை வாளிதான்.

நிகில் அரோரா, அலெஹாந்த்ரோ வெலஸ் இருவரும் அப்போது இளங்கலை வணிகப் படிப்பின் கடைசி ஆண்டில் இருந்தார்கள். வணிக அறம் பற்றிய வகுப்பில் பேராசிரியர் ஒரு தகவலைச் சொன்னார்: டிகாக்‌ஷன் இறங்கிய பிறகு மிஞ்சும் சக்கையில் உயர்ரகக் காளான் வளரும். வகுப்பில் இருந்த எல்லோர் காதிலும் விழுந்த செய்திதான். இவர்கள் இருவர் மட்டும், ஒருவரை ஒருவர் அறியாமலேயே, மேலும் விவரம் கேட்டுப் பேராசிரியருக்கு எழுதினார்கள். அவர் இருவரையும் அறிமுகப்படுத்தி வைத்தார். ஒருவருக்கு முதலீட்டு வங்கியிலும் மற்றவருக்கு ஆலோசனை நிறுவனத்திலும் வேலை காத்திருந்தது. இரண்டையும் விட்டுவிட்டுக் காளான் வளர்க்கப் போனார்கள்.

தேறிய வாளியை வைத்துக்கொண்டு அவர்கள் செய்த காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. பெர்க்லியில் ‘ஷே பனீஸ்’ என்று ஓர் உணவகம் இருக்கிறது. 1971இல் ஆலிஸ் வாட்டர்ஸ் தொடங்கியது. சுற்றுவட்டாரப் பண்ணைகளில் அந்தந்தப் பருவத்தில் விளைவதைக் கொண்டே சமைப்போம் என்று பிடிவாதமாக நின்று, அமெரிக்கர்களின் சாப்பாட்டு ரசனையையே மாற்றிய இடம். இந்த இரண்டு மாணவர்களும் முன்பின் தெரியாத அந்த இடத்துக்கு வாளியோடு போய் நின்றார்கள். சமையல்காரர் காளானை வதக்கி வாயில் போட்டுப் பார்த்து, நன்றாயிருக்கிறது என்றார். அடுத்து, ‘ஹோல் ஃபுட்ஸ்’ அங்காடியின் பெர்க்லி கிளைக்கு அதே வாளி போனது. அங்கேயும் ஆர்வம் காட்டினார்கள். பல்கலைக்கழகம் சமூகப் பயனுள்ள புதுமை முயற்சி என்று 5,000 டாலர் கொடுத்தது. திட்ட அறிக்கையை மெருகேற்றிக்கொண்டே இருக்கும் மாணவர்கள் ஏராளம். சாப்பிட்டு மதிப்புச் சொல்லத் தெரிந்தவர் முன்னால் பொருளைக் கொண்டுபோய் வைத்ததுதான் இவர்களை முன்னே தள்ளியது.

ஒன்பது வாளிகள் ஏன் போயிருக்கும்? காளான் வளர்ப்பவர்களுக்கு இது புதிரே அல்ல. சக்கை மிகச் சத்தான பொருள். நாம் குடிக்கும் காபியில் இறங்குவது பொடியின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். மீதி நான்கு பங்கும் சக்கையிலேயே தங்கிவிடுகிறது. நார்ச்சத்தும் தழைச்சத்தும் அதில் நிறைய. சிப்பிக் காளானின் வெண்ணிற இழைகள் அந்த நாரைச் சிதைத்து உண்ணும் நொதிகளைச் சுரக்கின்றன. மரக்கட்டையையே தின்று வளரும் பூசணத்துக்குக் காபிச் சக்கை எளிய இரைதான். ஆனால், அதே சத்துக்குப் பச்சைப் பூஞ்சையும் போட்டி போடும். காளான் இழை முழுவதும் பரவுவதற்குள் பச்சைப் பூஞ்சை இடம் பிடித்துவிட்டால் அந்தப் படுக்கையைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

கொதிநீர் பட்டு வருவதால் சக்கையில் கிருமிகள் பெரும்பாலும் அடங்கியிருக்கும். இது பெரிய சௌகரியம். நம் ஊரில் சிப்பிக் காளான் வளர்ப்பவர்கள் வைக்கோலைச் சிறு துண்டுகளாக நறுக்கி, சில மணி நேரம் ஊறவைத்து, வெந்நீரிலோ ஆவியிலோ வேகவைத்து, ஈரப்பதம் பார்த்து ஆறவிட்ட பிறகே பாலித்தீன் பையில் அடுக்கடுக்காக வித்துப் போட முடியும். விறகுச் செலவும் ஆள் வேலையும் அங்கேதான் போகிறது. காபிக் கடை அந்த வேலையை நமக்காக முன்பே முடித்து வைத்திருக்கிறது. ஆனால், சக்கை ஆறிய நிமிடத்திலிருந்து காற்றில் மிதக்கும் பூஞ்சை வித்துகள் அதில் இறங்கத் தொடங்கிவிடும். ஒரு நாளைக்குள் எடுத்து, வித்துக் கலந்து, பையைக் கட்டிவிட வேண்டும். பொடி மிக நுண்ணியதாக இருப்பதால் உள்ளே காற்றும் ஓடாது. அதனால்தான் அனுபவசாலிகள் வைக்கோலோ மரத்தூளோ கலந்துகொள்கிறார்கள்.

ஆகவே, இந்தத் தொழிலின் உயிர், வண்டி எந்த நேரத்துக்கு எந்தக் கடை வாசலில் நிற்கிறது என்பதில் இருக்கிறது. சக்கையில் காளான் வளரும் என்ற செய்தி யாருக்கும் இலவசமாகக் கிடைக்கும். நாள் தவறாமல் போய் அள்ளி வருவது கிடைக்காது. சான்ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் ‘பீட்ஸ்’ காபிக் கடைகள் ஏராளம். அரோராவும் வெலஸும் அந்தக் கடைகளின் சக்கையை அள்ளினார்கள். குப்பையை அப்புறப்படுத்தக் கடைகள் எப்படியும் செலவு செய்யத்தான் வேண்டும். அதனால் எடுத்துப்போகும் இவர்களுக்கே அந்தக் கடைக்காரர்கள் பணம் கொடுத்தார்கள். மூலப்பொருளை வாங்கும்போதும் வரவு, விற்கும்போதும் வரவு. அந்தச் சக்கை குப்பைமேட்டுக்குப் போயிருந்தால் காற்றுப் புகாத அடுக்குகளில் மட்கி மீத்தேனாக வெளியேறியிருக்கும். நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் மீத்தேன் கரியமில வாயுவைவிட இருபத்தைந்து மடங்குக்கும் மேல் பூமியைச் சூடாக்கும்.

பறித்த சிப்பிக் காளான் சில நாட்களில் வாடி நாறிவிடும். சந்தைக்குக் காளான் கொண்டுபோகும் ஒவ்வொருவருக்கும் இதே கவலைதான். இவர்கள் யோசித்து, காளானுக்குப் பதிலாகக் காளான் படுக்கையையே அட்டைப் பெட்டியில் வைத்து விற்கத் தொடங்கினார்கள். வாங்கியவர் பையைக் கீறி, தினமும் தண்ணீர் தெளித்தால், பத்து நாளில் அவர் சமையல்மேடையிலேயே காளான் பூக்கும். இது வெறும் விற்பனை உத்தி அல்ல. உணவு எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் வளரும் நகரத்துக் குழந்தை, தன் கண்ணெதிரே காலையில் மொட்டாக இருந்தது மறுநாள் குடையாக விரிவதைப் பார்க்கிறது. பின்னாளில் மீன் தொட்டியின் கழிவுநீரைக் கொண்டு மேலே கீரை வளர்க்கும் சிறு தொட்டிக்காக 2012இல் இணையம் வழியே பொதுமக்களிடம் நிதி திரட்டியபோதும் அவர்கள் மனத்தில் இருந்தது இதே எண்ணம்தான்.

இதை நம் ஊரில் அப்படியே செய்யலாமா என்று கேட்கும் மாணவர்கள் கட்டாயம் இருப்பார்கள். அவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். நம் ஊரில் கழிவு என்று நாம் நினைப்பதற்குப் பெரும்பாலும் ஏற்கெனவே ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். வைக்கோல் மாட்டுத் தீவனம். காளானுக்கென்று வாங்கப் போனால் மாடு வைத்திருப்பவரோடு விலையில் போட்டி போட வேண்டும். கரும்புச் சக்கை ஆலையின் கொதிகலனில் எரிந்து மின்சாரமாகிறது. இன்ஸ்டன்ட் காபித் தொழிற்சாலைகளும் தங்கள் சக்கையைக் கொதிகலனில் போட்டு எரிப்பது வழக்கம். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு காலத்தில் மலைபோல் குவிந்து கிடந்த தென்னை நார்க்கழிவு, இன்று கட்டிகளாக அழுத்தப்பட்டுக் கப்பலேறிப் போகிறது. பழைய பேப்பர்காரரும் சாப்பாட்டு மிச்சத்தைக் கால்நடைக்கு எடுத்துப்போகிறவரும் பல தலைமுறையாக இந்தத் தொழிலில் இருப்பவர்கள். அவர்களுடைய பிழைப்பைப் பிடுங்கிக்கொண்டு நிலைத்த வளர்ச்சி என்று பெயர் வைத்தால் அது எனக்குச் சம்மதமில்லை.

காபிச் சக்கைக்கு இன்னும் அப்படி ஒரு சொந்தக்காரர் பெரிதாக வரவில்லை. வீட்டு ஃபில்டரில் மிஞ்சுவது ரோஜாத் தொட்டிக்கே சரியாகப் போய்விடும். அதை வீடுவீடாகச் சேர்க்க முயன்றால் பெட்ரோல் செலவு காளானை விழுங்கிவிடும். ஆனால், கல்லூரி விடுதி, மருத்துவமனை உணவகம், மென்பொருள் நிறுவன வளாகம், நெடுஞ்சாலை ஓரத்துக் கும்பகோணம் டிகிரி காபிக் கடை போன்ற இடங்களில் ஒரே கூரையின் கீழ் தினமும் கிலோக் கணக்கில் சேர்கிறது. சிக்கரி கலந்த பொடி என்பதால் முதலில் சிறு பைகளில், வைக்கோலோடு வெவ்வேறு விகிதத்தில் கலந்து பார்ப்பது நல்லது. காளான் வளர்ப்புப் பயிற்சியும் வித்தும் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் கிடைக்கின்றன. அறுவடை முடிந்த படுக்கை நல்ல எருவாகும். மாடித்தோட்டம் வைத்திருப்பவர்கள் அதை வாங்கிக்கொள்வார்கள்.

முதலீட்டாளரைத் தேடுவதற்கு முன்னால், ராத்திரி மெஸ் மூடும் நேரத்தில் மாஸ்டரிடம் போய், “அண்ணே, டிகாக்‌ஷன் பொடியை எங்கே கொட்டுறீங்க, யாராவது எடுத்துட்டுப் போறாங்களா?” என்று கேட்டு வாருங்கள். ஒரு வாரம் எடைபோட்டுக் குறித்து வையுங்கள். எத்தனை பை கட்டலாம், எத்தனை கிலோ காளான் எதிர்பார்க்கலாம், எந்த உணவகத்தின் கதவைத் தட்டலாம் என்ற கணக்கெல்லாம் அந்தக் குறிப்பிலிருந்துதான் தொடங்கும்.