மிச்சக் காசுக்கு டொபி தராத கடை

செவ்வாய்க்கிழமை மாலை. கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் பூசை முடிந்து சனம் ஜம்பட்டா வீதிப் பக்கமாகக் கலைந்துகொண்டிருக்கிறது. நெரிசலில் நின்ற களைப்புக்கு ஒரு தண்ணீர்ப் போத்தல் வாங்கலாம் என்று பக்கத்துக் கடையில் ஏறுகிறீர்கள். உங்களுக்கு முன்னால் நாலு பேர். ஒருவர் ரீலோட் போடச் சொல்லி இலக்கத்தை இரண்டாம் முறை ஒப்புவிக்கிறார். இன்னொருவர் மெழுகுதிரியின் விலையைக் கேட்டதும் அதைவிடச் சின்னது இருக்கிறதா என்கிறார். உங்கள் முறை வந்து ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினால், முதலாளி லாச்சியைப் பார்த்துவிட்டு உங்களைப் பார்க்கிறார். "சில்லறை இல்லையா?" இல்லை. மிச்சக் காசோடு இரண்டு டொபியும் கைக்கு வருகிறது. நீங்கள் டொபி வாங்க வரவில்லை.

இந்தக் காட்சியிலிருந்து வரிசையை எடுத்துவிடுங்கள். பேரத்தை, சில்லறைத் தகராறை, டொபியை, கடைசியாக முதலாளியையும் எடுத்துவிடுங்கள். மிஞ்சுவது ஒரு பெட்டி. அதைத்தான் வென்டிங் மெஷின், தானியங்கி விற்பனை இயந்திரம் என்கிறோம். உலகின் பல ஊர்களில் விற்பவரும் வாங்குபவரும் அந்தப் பெட்டியை விரும்புவது ஏன்? கொச்சிக்கடையில் அது இன்னும் கால் ஊன்றாதது ஏன்?

முதலில் விற்றது தீர்த்தம்

கி.பி. முதலாம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த ஹீரோன் என்ற கிரேக்கப் பொறியியலாளர், கோயிலில் வைப்பதற்கான ஒரு பெட்டியை விவரித்து எழுதியிருக்கிறார். மேலே உள்ள துவாரத்தில் காசைப் போட்டால் அது உள்ளே ஒரு தட்டின் மேல் விழும். காசின் பாரத்தில் தட்டுச் சரியும்; தட்டோடு இணைந்த கோலின் மறுமுனை உயரும்; அந்த முனையில் இருக்கும் அடைப்புத் திறந்து புனித நீர் வழியும். சரிந்த தட்டிலிருந்து காசு வழுக்கி விழுந்ததும் கோல் பழைய நிலைக்கு வரும், நீரும் நின்றுவிடும்.

காசு தட்டில் தங்கும் நேரம்தான் நீரின் அளவு. இன்னும் கொஞ்சம் தாங்கள் என்று கெஞ்சுவதற்கும் ஆள் இல்லை, முகத்தைப் பார்த்துக் கூட்டிக் குறைத்துக் கொடுப்பதற்கும் ஆள் இல்லை.

இன்றைய பெட்டியும் செய்வது அதைத்தான். கண்ணாடிக்குப் பின்னால் கம்பிச் சுருள்கள் வரிசையாக இருக்கும். வளையத்துக்கு ஒரு பெக்கட். இலக்கத்தை அழுத்தினால் மோட்டார் அந்தச் சுருளை ஒரு சுற்றுச் சுற்ற, முன்னால் நிற்கும் பெக்கட் விளிம்பைத் தாண்டி விழும். விழுந்ததா என்று பார்க்கப் பல மெஷின்களில் கீழே ஓர் ஒளிக்கதிர் ஓடும். கதிரை எதுவும் மறிக்கவில்லை என்றால் சுருள் மறுபடி கொஞ்சம் சுற்றும், அல்லது காசு திரும்பி வரும். நாணயம் விழும் வழியில் அதன் விட்டம், தடிப்பு, உலோகத்தின் மின்காந்தத் தன்மை ஆகியவை அளக்கப்படும். பொருந்தாத நாணயத்தை மெஷின் துப்பிவிடும்.

வியாபாரிக்கு என்ன இலாபம்?

முதலாவது, சம்பளம். ஒரு கடையை இரவு பகலாகத் திறந்துவைக்க மூன்று பேராவது மாறி மாறி நிற்க வேண்டும். இரவு இரண்டு மணிக்கு ஒரே ஒருவர் வந்து பிஸ்கட் வாங்குவார் என்பதற்காக எந்த முதலாளியும் ஆள் வைக்கமாட்டார். பெட்டிக்கு அந்தக் கணக்கு இல்லை.

இரண்டாவது, இடம். கடை போட முடியாத மூலையில்கூடப் பெட்டி நிற்கும். 1888இல் தாமஸ் அடம்ஸின் நிறுவனம் நியூயோர்க்கின் உயர்த்தப்பட்ட ரயில் மேடைகளில் சுவிங்கம் விற்கும் பெட்டிகளை வைத்தது. ரயிலுக்குக் காத்திருப்பவர் கையில் நேரம் இருக்கிறது, பையில் சில்லறை இருக்கிறது. அவரைத் தேடிச் சரக்குப் போனது.

மூன்றாவது, லாச்சி. நம் பக்கத்துக் கடைகளில் லாச்சிக்குப் பக்கத்தில் இருப்பவர் பெரும்பாலும் முதலாளி, இல்லாவிட்டால் மகன், மச்சான். காசு கைமாறும் இடத்தில் வேற்றாளை இருத்த மனம் வராது. ஒருவர் எத்தனை கடை நடத்தலாம் என்பதை அவருக்கு நம்பிக்கையான ஆட்கள் எத்தனை பேர் என்பதே தீர்மானிக்கிறது. மெஷினில் எத்தனை பொருள் விழுந்தது, எவ்வளவு காசு வந்தது என்ற கணக்கு உள்ளேயே இருக்கும். புதியவை அதை உடனுக்குடன் தொலைபேசி வலையமைப்பு வழியாக அனுப்பியும் விடும்.

ஆனால், ஆளே இல்லாத வியாபாரம் என்று நினைக்கக் கூடாது. பெட்டி வாங்க முதல் வேண்டும். இடத்துக்காரருக்கு வாடகையோ பங்கோ கொடுக்க வேண்டும். குளிரூட்ட மின்சாரம் வேண்டும். நிரப்புவதற்கு வேனில் ஒருவர் சுற்ற வேண்டும். ஆள் ஒழிவதில்லை, ஒரு கடைக்கு ஓர் ஆள் என்பது பல பெட்டிகளுக்கு ஓர் ஆள் என்று ஆகிறது.

வாங்குபவருக்கு என்ன நன்மை?

நேரம் மிச்சம் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. அதைவிடப் பெரியது, அடுத்தவர் கண்.

மாதவிடாய் அணையாடை வாங்கப் போகும் பெண்ணுக்கு இது விளங்கும். கடையில் இரண்டு ஆண்கள் நின்றால் அவர்கள் போகும்வரை வேறு எதையோ பார்ப்பது போல நிற்க வேண்டும். வாங்கிய பெக்கட் பத்திரிகைத் தாளில் சுற்றப்பட்டு, ஏதோ கடத்தல் பொருள் போலக் கைக்கு வரும். பாடசாலைகளிலும் அலுவலகங்களிலும் கழிப்பறைக்குள்ளேயே வைக்கும் சிறு மெஷின் இந்தச் சங்கடத்தைத் தீர்க்கிறது.

கண் படாவிட்டால் நாம் வாங்குவதே மாறிப்போகும். சுவீடனில் மதுவைச் சில்லறையாக விற்பது பெரும்பாலும் அரசின் கடைகள். முன்பு அங்கே மேசைக்கு அப்பால் நிற்பவரிடம் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். பிறகு, தாங்களே எடுத்துக்கொள்ளும் முறைக்குக் கடைகள் மாறின. ஆய்வாளர்கள் விற்பனைக் கணக்கைப் பார்த்தபோது, வாயில் நுழையாத பெயர் கொண்ட மதுவகைகளின் பங்கு கூடியிருந்தது. பெயரைப் பிழையாகச் சொல்லி வெட்கப்படுவதற்குப் பயந்தே முன்பு பலர் அவற்றைக் கேட்காமல் விட்டிருக்கிறார்கள்.

கொழும்பில் இதற்கு இன்னொரு முகம் உண்டு: மொழி. மன்னாரிலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ புதிதாகத் தலைநகருக்கு வந்தவர், தமிழ் தெரியாத ஒருவர் இருக்கும் கவுன்டரில் தடுமாறுவார். பின்னால் நிற்பவர் பொறுமையிழந்து பெருமூச்சு விடுவார். ஏடிஎம் திரையோ சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கும். ஏடிஎம்மும் ஒரு வென்டிங் மெஷின்தான், சரக்குத்தான் காசு. சந்தியில் இருக்கும் வங்கியின் வைப்பு மெஷினுக்கு முன்னால் நீள்கின்ற வரிசையில், உள்ளே கவுன்டர் காலியாக இருந்தாலும் வெளியிலேயே நிற்பவர்கள் உண்டு. அவர்களிடம் காரணம் கேட்டால் "சுகம்" என்பார்கள். அந்த ஒரு சொல்லுக்குள் இவ்வளவும் இருக்கிறது.

விற்பவருக்கும் முகம் மறைக்க வேண்டிய நேரம் வரும். 1822இல் இலண்டன் புத்தக வியாபாரி ரிச்சர்ட் கார்லைல், அரசு தடுத்த நூல்களை விற்று வழக்கில் மாட்டாமல் இருக்க ஒரு பொறி செய்தார். வாங்குபவர் முள்ளைத் திருப்பி நூலைத் தெரிவுசெய்து காசைப் போட்டால் நூல் வெளியே விழும். விற்றது யார் என்று சொல்ல முடியாது என்பது அவர் வாதம். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அவருடைய பணியாளருக்குத் தண்டனை கிடைத்தது.

ஜப்பானில் ஏன் இத்தனை மெஷின்கள்?

ஜப்பானில் இன்று எல்லா வகையும் சேர்த்து ஏறத்தாழ 40 இலட்சம் விற்பனை மெஷின்கள் இருக்கின்றன. சுமார் 30 பேருக்கு ஒன்று. 2000ஆம் ஆண்டளவில் இது 56 இலட்சமாக இருந்தது. சம்பளம் அதிகம், கடைக்கு இடம் குறைவு, தெருவில் தனியே நிற்கும் பெட்டியை உடைப்பவரும் குறைவு என்பவை வழக்கமாகச் சொல்லும் காரணங்கள். அதிகம் பேசப்படாத காரணம், நாணயம். 1967இல் 100 யென் நாணயம் வெள்ளியிலிருந்து செப்பு-நிக்கலுக்கு மாறிப் பெருமளவில் புழக்கத்துக்கு வந்தது. அதன்பின் மெஷின்கள் வேகமாகப் பெருகின. ஒரு நாணயத்துக்கு ஒரு பானம் என்ற கணக்கு நீண்டகாலம் நிலைத்தது.

இப்போது நம் பையைப் பார்ப்போம். புழக்கத்தில் உள்ள பெரிய நாணயம் 20 ரூபாய். அதற்கு ஒரு பிளேன்டீகூட வராது. 2022இல் இலங்கையின் பொருளாதாரம் விழுந்தபோது விலைகள் வாரத்துக்கு வாரம் மாறின; அந்தச் செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியது. முதலாளி பழைய விலையைப் பேனையால் வெட்டிப் புதியதை எழுதினார். நாணயத்தை நம்பிய பெட்டி அந்த ஓட்டத்துக்கு ஈடு கொடுத்திருக்காது. அதே ஆண்டு மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. கடையில் மெழுகுதிரி ஏற்றி வைத்து வியாபாரம் நடந்தது. மெஷினுக்கு மெழுகுதிரி போதாது.

ஆனால், அதே நெருக்கடி வேறொரு வழியையும் திறந்தது. பெற்றோல் பங்கீட்டுக்குக் கியூஆர் குறியீடு வந்தபோது அதுவரை அந்தச் சதுரத்தைப் பார்த்திராதவரும் போனை நீட்டப் பழகினார். இன்று சின்னக் கடைகளிலும் போனால் காசு கட்டுவதற்கான லங்கா கியூஆர் ஒட்டப்பட்டிருக்கிறது. நாணயக் கட்டத்தைத் தாண்டாமலே மெஷின் இங்கே வரக்கூடும்.

மெஷினுக்குத் தெரியாதவை

சென்னைக் கோயம்பேட்டில் ஓராண்டு இடைவெளியில் இரண்டு மெஷின்கள் வந்தன. 2022 ஜூனில் சந்தையில் வைத்தது 10 ரூபாய்க்கு மஞ்சள் துணிப்பை தரும் மெஷின். 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தின் பகுதி. பை கொண்டுவர மறந்தவருக்குத் தேவையான இடத்திலேயே பை கிடைத்தது. எல்லோரும் பாராட்டினார்கள். 2023 ஏப்ரலில் அங்கே ஒரு வணிக வளாகத்தில், அரசின் டாஸ்மாக் மதுக்கடைக்குள் மது விற்கும் மெஷின் வந்தது. பெரும் எதிர்ப்புக் கிளம்பியது. கடைக்குள்தான் இருக்கிறது, ஊழியர் கண்காணிக்கிறார் என்று அரசு விளக்க வேண்டியிருந்தது.

பெட்டி ஒன்றுதான், சரக்குத்தான் வேறு. துணிப்பை வாங்குபவரின் வயதை யாரும் பார்க்க வேண்டியதில்லை. மது வாங்குபவரின் வயதைப் பார்க்கத்தான் வேண்டும். ஜப்பானில் 2008இல் சிகரெட் மெஷின்களுக்கு வயதை உறுதிசெய்யும் அட்டை கொண்டுவந்தார்கள். இலங்கை அந்தச் சிக்கலுக்குள்ளேயே போகவில்லை. 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மதுவும் புகையிலையும் விற்பதைத் தடுத்த 2006ஆம் ஆண்டுச் சட்டம், அவற்றை மெஷின் வழியாக விற்பதையும் தடுத்தது.

விலையிலும் மெஷினை முழுதாக நம்ப வேண்டாம். எல்லோருக்கும் ஒரே விலை என்பது அதன் நல்ல குணம். ஆனால் 1999இல் கொக்கா கோலா நிறுவனத்தின் தலைவர் டக்ளஸ் ஐவெஸ்டர், வெயில் ஏற ஏற விலையை ஏற்றும் மெஷினைப் பற்றிப் பேசினார். சனம் கொதித்தது, நிறுவனம் பின்வாங்கியது. தாகத்தை அளக்கத் தெரிந்த மெஷின், முகம் பார்த்து விலை சொல்லும் வியாபாரியைவிட நேர்மையானது அல்ல.

கடைசியாக, கொப்பி. மாதக் கடைசியில் அரிசியும் பருப்பும் எடுத்துக்கொண்டு "கொப்பியில போடுங்க முதலாளி" என்று சொல்லிப் போகும் வீடுகள் ஜிந்துப்பிட்டியிலும் கொட்டாஞ்சேனையிலும் ஏராளம். சம்பளம் வரும்வரை ஒரு குடும்பத்தை ஓட்டுவது அந்தக் கொப்பி. மெஷின் கையில் காசு உள்ளவருக்கு மட்டும்தான் கடை.

ஆகவே கணக்கு இதுதான். எந்தப் பெக்கட்டும் ஒன்றுபோல இருக்கும் பொருள், கேள்வி கேட்கத் தேவையில்லாத பொருள், நேரங்கெட்ட நேரத்தில் தேவைப்படும் பொருள், கேட்க வெட்கப்படும் பொருள் இவை மெஷினுக்குப் போகும். தொட்டுப் பார்த்து எடுப்பது, வயது பார்த்துக் கொடுப்பது, கடனுக்கு வாங்குவது கடையில் நிற்கும்.

கொழும்பின் சாப்பாட்டுக் கடைகள் நடுவில் ஒரு வழி கண்டிருக்கின்றன. கண்ணாடி அலுமாரிக்குப் பக்கத்தில் கோப்பி மெஷின் இருக்கும். தூளை அளப்பதும் சுடுநீர் ஊற்றுவதும் அதன் வேலை. பொத்தானை அழுத்துவது கடைப் பையன். காசு வாங்கி மிச்சம் தேடுவதும் அவன்தான். லாச்சியில் இல்லாவிட்டால், "பத்து ரூபா நாளைக்குத் தாறன் அண்ணே" என்பதும் அவன்தான்.